மைதானத்துச் சுவரோரம் ஒரு நடுவர்

கழிவறைக் கோப்பையைத் தரையில் சாய்த்துப் பிடித்து, விரல் முட்டியால் மூன்று இடங்களில் தட்டுகிறார் காசிராஜன். ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கிட்டே கொண்டுபோகிறார். "கணீர்னு கேக்குதா? கீறல் கெடையாது." வாங்க வந்தவர் தலையாட்டி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. "கட்டட அனுமதி வாங்கியாச்சா?" வந்தவர் எங்கள் தெருக்காரர். வாங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். "இனிமேதான் அண்ணாச்சி" என்று அவர் சிரிக்கிறார். "வாங்காமக் கட்டாதீக, தப்பு" என்று சொல்லிக்கொண்டே காசிராஜன் கோப்பையைச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு, அவருடைய வண்டியின் பின்சீட்டில் அசையாமல் கட்டியும் கொடுக்கிறார்.

"தப்புன்னா ஏன் விக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அதே தெருவில் இருக்கிற நர்ஸ் நான்.

"விக்கிறது என் தொழிலு சிஸ்டர். கட்டுறது அவுக பொறுப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது."

அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற சாலையில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஒரு பக்கம் சிமெண்ட் படிக்கட்டு, ஓடுபாதை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு புழுதித்தடம், இரண்டு வாலிபால் ஆடுகளங்கள். அதன் வடக்குச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் தெரு. பாதி வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. மீதிப் பேர் கடைக்காரர்கள். இந்த மைதானத்தைப் பெரிய ஸ்டேடியமாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. கூடவே தெருவுக்கு ஒரு தடையும் வந்தது. திட்டம் முடிவாகும்வரை புதிதாக எதையும் கட்டக் கூடாது, மாடி எடுக்கக் கூடாது, இருப்பதை மாற்றவும் கூடாது. அளக்க வந்தவர்கள் எங்கள் பின்கட்டுகளில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்புக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஸ்டேடியத்துக்கு வேண்டியிருக்குமாம்.

தெரு இதற்கெல்லாம் பயந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு வளர்ந்தது. அடுத்த வீட்டு வேங்கடபதி தறிகளுக்கு ஒரு கொட்டகை எழுப்பினார். கேட்டால் பந்தல் என்பார். எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம் என்பார். அந்தப் பந்தலுக்குக் கான்கிரீட் தூண். சிமெண்ட், கம்பி, குழாய் எல்லாம் காசிராஜனின் ஹார்டுவேர் கடையிலிருந்துதான் போயின. அவர் தன் வீட்டில் மட்டும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

அதற்குக் காரணம் அவருடைய இன்னொரு தொழில். தொழில் என்று சொல்ல முடியாது, அதில் பைசா வருவதில்லை. காசிராஜன் வாலிபால் நடுவர். சுற்றுவட்டத்தில் எந்த ஊரில் கோயில் பொங்கலுக்குப் போட்டி வைத்தாலும் இவரைக் கூப்பிடுவார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளை சாக்ஸ். கரிசல் புழுதியில் வெள்ளை சாக்ஸ் போடுகிற மனிதரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. துவைக்கிறவள் முத்துலட்சுமி, அவருடைய மனைவி. ஏணி போட்ட உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு உற்றார் உறவினர் கிடையாது. மல்லாங்கிணற்றில் ஓர் இறுதி ஆட்டம். மைத்துனர் நடத்துகிற அணி ஆடியது. கடைசிப் பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. இவர் வெளியே என்று கை காட்டினார். மைத்துனருக்குக் கோப்பை கைநழுவிப் போயிற்று.

"மச்சினன் அடிச்ச பந்துன்னா உள்ள வந்து விழுமா?" என்பார் காசிராஜன், இன்றும் அதைப் பற்றிப் பேசினால்.

"எங்கண்ணன் வீட்டுல இருந்து ரெண்டு தீவாளிக்குப் பலகாரம் வரல, சிஸ்டரம்மா" என்பாள் முத்துலட்சுமி. "நானா கை காட்டுனேன்?"

இப்படிப்பட்டவரிடம் போய், எல்லோரும்தானே கட்டுகிறார்கள் நீங்களும் கட்டுங்கள் என்று சொல்ல முடியுமா? நான் சொன்னேன். பலமுறை சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருந்தது.

போன மழைக்காலத்தில் முத்துலட்சுமி வழுக்கி விழுந்தாள். அவர்கள் வீட்டில் கழிவறை முற்றத்தின் கடைசியில், மைதானச் சுவரை ஒட்டி இருக்கிறது. சமையல்கட்டைத் தாண்டி, கல் பாவிய முற்றத்தைத் தாண்டி, இரண்டு படி ஏற வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் அறுவை செய்து, தகடு வைத்து அனுப்பினார்கள். காலையும் மாலையும் போய் அவளைப் புரட்டி, உட்காரவைத்து, கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வாக்கரைப் பிடித்து நான்கடி நடக்கிறாள். அந்தப் படிகளில் ஏற அவளால் முடியாது.

காசிராஜன் ஓட்டைபோட்ட நாற்காலி ஒன்றை வாங்கிவந்து கூடத்து மூலையில் வைத்தார். கூடத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் முக்காலங்குலக் குழாய் கேட்கிறார், இன்னொருவர் பாக்கிச் சில்லறை கேட்கிறார். இந்தப் பக்கம் முத்துலட்சுமி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வயது அறுபது ஆனாலும் பெண்பிள்ளை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் ஒரு வாய் காப்பி, அத்தோடு சரி. பங்குனி வெயிலில் உதடு வெடித்துக் கிடந்தது. நான் தலைமாட்டுச் செம்பைத் தூக்கிப் பார்த்தால், முதல்நாள் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிச்சா போகணும். போகணும்னா அங்க உக்காரணும்" என்றாள். "அதுக்குத் தாகமே தேவல."

தீர்வு கண்ணெதிரே இருந்தது. அவள் படுத்திருக்கிற அறையை ஒட்டிக் கடையின் சரக்கறை. நடுச்சுவரில் ஒரு வாசல் உடைத்து, சரக்கறையில் பாதியைத் தடுத்தால் கழிவறை ஆயிற்று. சாக்கடை தெருப்பக்கம் போகும். சிவப்பு அம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொத்தனார் பூமிநாதன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வேலை அண்ணாச்சி, ஒரு ஞாயித்துக்கெழமை போதும், உடைச்சிரலாம்" என்றார். கோப்பை, குழாய், டைல்ஸ் எல்லாம் அந்தச் சரக்கறையிலேயே அடுக்கியிருக்கின்றன. ஊருக்கே கழிவறை விற்கிறவர் வீட்டில் மனைவிக்குக் கழிவறை இல்லை.

"இருப்பதை மாற்றக் கூடாதுன்னு போட்டிருக்கான் சிஸ்டர்."

"அது பின்கட்டுக்கு."

"பின்கட்டுக்குன்னு எழுதல. வீட்டுக்குன்னு எழுதியிருக்கான். மனு குடுத்திருக்கேன். பதில் வரட்டும்."

"அதுவரைக்கும் அவ மூத்திரத்த அடக்கிக்கிட்டு இருக்கட்டுமா?"

அவருக்கு முகம் சுருங்கியது. நான் அந்த வார்த்தையைச் சொன்னதற்காகச் சுருங்கியதா, விஷயத்துக்காகச் சுருங்கியதா என்று தெரியவில்லை. கடையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

மனுவுக்குப் பதில் வந்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது, குறைகளை அங்கே வந்து சொல்லலாம். தெரு கூடிப் பேசி, காசிராஜன்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தது. பயப்படாமல் பேசுவார், கணீரென்ற குரல், எந்த அதிகாரியும் இவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. வேங்கடபதி கடை வாசலில் நின்று ஒப்பிக்க வைத்தார். எங்கள் தெருவை விட்டுவிட வேண்டும். தடையை எடுக்க வேண்டும். அதுவரை உள்ளே கழிவறை மாதிரி அவசிய வேலைகளுக்காவது அனுமதி வேண்டும். மூன்றே விஷயம்.

கிளம்பும்போது முத்துலட்சுமி கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "மைக்குல என் பேரச் சொல்லிப்புடாதீக. விசயத்த மட்டும் சொல்லிட்டு வாங்க."

"சரி, சரி" என்றார். வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார்.

கூட்டத்துக்கு நானும் போனேன். கல்யாண மண்டபம் ஒன்றில் மேடை போட்டு, சுவரில் திரை கட்டி, புதிய ஸ்டேடியத்தின் வரைபடத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். பச்சை, நீலம், சிவப்பு. இளம்வயதுப் பொறியாளர் ஒருவர் கோலால் தொட்டுத்தொட்டு விளக்கினார். பிறகு எங்கள் தெருவின் முறை. காசிராஜன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். வணக்கம் சொன்னார். திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன, வாலிபால் கோர்ட்டா? கெழக்கு மேற்கா போட்டிருக்கீக?"

பொறியாளர் ஆமாம் என்றார்.

"சாயங்காலம் மேற்க பாத்து நிக்கிற டீமுக்கு வெயிலு நேரா மூஞ்சில அடிக்குமே! சர்வீஸ் எப்படி எடுப்பான்? கோர்ட்டு வடக்கு தெற்காத்தான் இருக்கணும்!"

மைதானத்தில் ஒரு மாலை ஆடிய எந்தப் பையனுக்கும் தெரிந்த சமாசாரம்தான். இவர் அதை வேதம்போல் விளக்கினார். சூரியன் எந்த மாதத்தில் எப்படிச் சாயும், பந்து எந்த உயரத்தில் கண்ணுக்குத் தப்பும், இருபக்க அணிக்கும் எப்படி நியாயம் கெடும். முன்வரிசையிலிருந்து வேங்கடபதி மூன்று விரலைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் காட்டினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அதிகாரிகளுக்குப் பரம திருப்தி. வந்ததிலிருந்து அவர்களைத் திட்டாமல் பேசிய முதல் ஆள் இவர்தான். "நல்ல யோசனை ஐயா, கட்டாயம் மாத்திடுறோம்" என்றார் பொறியாளர். ஒரு சால்வையும் போட்டார்கள்.

சால்வையோடு வீட்டுக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"மாத்துறேன்னுட்டாங்க!"

முத்துலட்சுமி முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். "அனுமதி குடுத்துட்டாங்களா?"

"கோர்ட்ட மாத்துறாங்க. வடக்கு தெற்கா."

அவள் மறுபடி படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இடுப்பில் தகடு வைத்த பக்கம் அது. அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கதை அத்தோடு முடியவில்லை. ஆடுகளத்தை ஏன் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். திருப்பிப் போட்டால் நீளம் போதவில்லை, பார்வையாளர் படிக்கட்டு தள்ளிப் போகிறது, வடக்கே இன்னும் இடம் வேண்டும். வடக்கே இருப்பது எங்கள் தெரு. புதிய வரைபடத்தோடு பெயிண்ட் டப்பாவும் வந்தது. முற்றத்துக் கழிவறையில் இருந்த சிவப்பு அம்பு, காசிராஜன் வீட்டுச் சமையல்கட்டின் பின்சுவருக்கு வந்துவிட்டது. வேங்கடபதியின் பந்தலில் இரண்டு தூண் ஸ்டேடியத்துக்குள் போயிற்று.

வேங்கடபதி தறியை நிறுத்திவிட்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். கோபம் வந்தால் தெருவுக்கே புரிகிற தமிழ்தான்.

"அண்ணாச்சி, எவன் கண்ணுலயோ வெயிலு படக்கூடாதுன்னு எங்க வீட்டுக்குள்ள கோர்ட்ட கொண்டாந்து போட்டுட்டீகளே! சால்வ நல்லாருக்கா? போத்திக்கிட்டு அடுப்படில நின்னு விசில் ஊதுங்க!"

"வடக்கு தெற்குதானே வேங்கடபதி சரி?" என்றார் காசிராஜன். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் அந்த நேரத்தில் கையில் வென்னீர்ப் பாத்திரம் வைத்திருந்தேன். அவர்மேல் ஊற்றிவிடுவேனோ என்று கீழே வைத்துவிட்டேன்.

தெரு அவரோடு பேச்சை நிறுத்தியது. ஒரு மூட்டை சிமெண்டுக்கும் டவுனுக்குப் போனார்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் தினமும் ஆபீசுக்குப் போய், தன் மனு என்ன ஆயிற்று என்று கேட்டு வந்தார். "புது பிளான் ஓகே ஆகட்டும்னு சொல்றாங்க சிஸ்டர்." அந்தப் புதுத் திட்டத்துக்குக் காரணம் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வயதாகிறது, எல்லாச் சண்டைக்கும் மூச்சு இருப்பதில்லை.

சித்திரை பிறந்த வாரத்தில் முத்துலட்சுமிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. நான் போனபோது உடம்பு உதறிக்கொண்டிருந்தது. துணியை மாற்றும்போதே வாடை சொல்லிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி, நீர்த்தாரையில் கிருமி பிடித்துக் காய்ச்சல் தலைக்கு ஏறியிருந்தது. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், அவள் கண்ணைத் திறந்து காசிராஜனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரியவில்லை. ஏதோ பழைய பள்ளிக்கூடத்து வகுப்பில் இருந்தாள். சின்னப் பிள்ளை மாதிரிக் குரலைத் தாழ்த்தி, பயந்து பயந்து கேட்டாள்:

"சார், ஒன்னுக்குப் போயிட்டு வரட்டா சார்?"

அவர் அவளுக்குக் கிட்டே குனிந்தார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். "போயிட்டு வாம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, ஊசி போட்டு, ஒரு வாரத்தில் தெளியவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நான் பயிற்சிக்குப் போகிறேன், உள்ளே இடிக்கிற சத்தம். காசிராஜன் சட்டையைக் கழற்றிவிட்டு, சம்மட்டியால் அந்த நடுச்சுவரை அடித்துக்கொண்டிருந்தார். கடையின் ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது. திரைச்சீலையைக் கழற்றிக் கல்லாமேல் போட்டிருந்தார். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும். பூமிநாதன் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறாக சிஸ்டர்."

"ஞாயித்துக்கெழமை செஞ்சா அது களவாணித்தனம்" என்றார் காசிராஜன். அடுத்த அடி விழுந்தது.

எனக்கு வந்த கோபம் வேறு. அறை முழுக்கச் செங்கல் தூசி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், அவள் அதே அறையில் கட்டிலில் கிடந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். முதலில் நோயாளியை நகர்த்த வேண்டும் என்பதுகூட இந்த மனிதருக்குத் தோன்றவில்லை! இடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சத்தம் கேட்டு வேங்கடபதி வந்தார். சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார், காசிராஜனைப் பார்த்தார். அவளை உட்காரவைத்த நாற்காலியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தைப் பூமிநாதன் பிடிக்க, முத்துலட்சுமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனோம். தறிக் கொட்டகையில் விசிறிக்குக் கீழே உட்காரவைத்தோம். வேங்கடபதியின் மனைவி ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். "குடி" என்றேன். "அந்த வீட்டுல சத்தம் கேக்குதுல்ல? குடி." குடித்தாள்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வண்டி நின்றது. அளவெடுக்கிற ஆபீஸ்காரர். அம்புக்குறி அழியாமல் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர். கடைக்குள் நுழைந்து, தூசியை வீசித் தள்ளிக்கொண்டு, சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு விழுந்துவிட்ட ஓட்டையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? எதையும் மாத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் வந்துச்சா இல்லையா?"

வாலிபாலில், பந்து தன் விரலை உரசிக்கொண்டு வெளியே போனதை யாரும் கவனிக்காதபோது, தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்கிற ஆட்டக்காரர்கள் சிலர் உண்டு. காசிராஜன் சம்மட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையைத் தலைக்குமேல் நேராகத் தூக்கி, வந்தவர் நன்றாகப் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை அப்படியே நின்றார். பிறகு கையை இறக்கி, சம்மட்டியை மறுபடி இரண்டு கையாலும் பிடித்தார்.